ஷெப்பர்ட்டன் சுவரில் இருக்கும் அந்த முகங்கள் யாருடையவை?

வேலை மாற்றலாகி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் இருக்கும் ஷெப்பர்ட்டனுக்கு வந்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். ஊர் நடுவே ஒரு பெரிய சுவர் முழுக்க இரண்டு பூர்வகுடி ஆண்களின் முகங்கள் வரைந்திருக்கிறது, மெல்பர்ன் போனால் நாடாளுமன்றத்தை ஒட்டிய தோட்டத்தில் ஒரு கணவன் மனைவி சிலை, ஃபுட்ஸ்க்ரே ரயில் நிலையத்து நடைபாலத்துக்கும் ஒரு பூர்வகுடித் தலைவர் பெயர். விசாரித்தால் எல்லாம் ஒரே குடும்பம் என்கிறார்கள். அப்படி என்னதான் செய்தார்கள், இல்லை இதுவும் நகராட்சி காசில் நடக்கும் கண்துடைப்புதானா என்பது கேள்வி.

ஒரே குடும்பம் என்பது உண்மைதான். ஆனால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று நாலு பேர் கணக்கில் அடங்குகிற குடும்பம் இல்லை. சின்னம்மா பிள்ளை, தாத்தாவின் தங்கை வீட்டுக்காரர், கொழுந்தன் மறுமணம் செய்துகொண்ட அண்ணி என்று விரியும் சொந்தபந்தம். மரே நதிக் கரையில் வாழும் யோர்டா யோர்டா மக்களில் கூப்பர், அட்கின்சன், ஜேம்ஸ், நிக்கல்ஸ் என்ற பெயர்களை எந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் மற்ற மூன்றும் கூடவே வரும். கண்துடைப்பா என்ற கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. என் அளவுகோலை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை, அந்தக் குடும்பத்துக்கு அதில் எவ்வளவு சொல் இருந்தது என்றுதான் பார்ப்பேன்.

முதலில் நீங்கள் தினமும் பார்க்கும் சுவர். வெல்ஸ்ஃபர்ட் தெருவில் இருப்பது 2017 இல் மேட் அட்னேட் வரைந்தது. அட்னேட் மெல்பர்ன்காரர், ஸ்ப்ரே கேனால் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய முகங்களை வரைவதில் பெயர் பெற்றவர், ஷீப் ஹில்ஸ் என்ற ஊரில் தானியக் குதிர்களின் மேல் 2016 இல் அவர் வரைந்த முகங்களைப் பார்க்கவே ஜனங்கள் கோதுமைக் காடு வழியாக மணிக்கணக்கில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஷெப்பர்ட்டன் சுவரில் வெள்ளை மீசையோடு இருக்கும் கிழவர் வில்லியம் கூப்பர். மற்றவர் சர் டக் நிக்கல்ஸ். கூப்பர் நிக்கல்ஸுக்குத் தாத்தா முறை. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் கண்ணில் ஈரம் மின்னுவது வரை தெரியும். கிட்டே போய்ச் சுவரோடு நின்றால் முகமே கலைந்துவிடும், பழுப்பும் ஊதாவும் கொஞ்சம் ஆரஞ்சும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த புகைமூட்டம்தான் மிஞ்சும், கோடு என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஒரு முறையாவது இரண்டு தூரத்திலிருந்தும் பாருங்கள்.

இனி, இவர்கள் யார். யோர்டா யோர்டா நாடு மரே நதியின் இரு கரையிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வந்து நதியையே மாகாண எல்லையாக்கி, வடகரை நியூ சவுத் வேல்ஸ், தென்கரை விக்டோரியா என்று பிரித்துவிட்டார்கள். வடகரையில் டேனியல் மேத்யூஸ் என்ற பாதிரி மனம் கொண்ட வியாபாரி 1874 இல் மலோகா என்ற மிஷனை, அதாவது பூர்வகுடிகளுக்கான கிறிஸ்தவக் குடியிருப்பைத் தொடங்கினார். கூப்பர் 1860 வாக்கில் பிறந்தவர், அங்கே வளர்ந்தார். 1881 இல் மலோகாவைச் சேர்ந்த 42 ஆண்கள் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநருக்கு ஒரு மனு அனுப்பினார்கள். எங்கள் நிலம் எல்லாம் போய்விட்டது, விவசாயம் செய்து பிழைக்க ஒரு துண்டு நிலம் கொடுங்கள் என்பதுதான் சாராம்சம். இந்த 1881 மனுவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது வேறு வேஷத்தில் வரும்.

அதே காலத்தில் மலோகாவுக்கு ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீசியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்கு 1859 இல் பிறந்தவர். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி வந்தவர், மெல்பர்ன் கடற்கரையில் மேத்யூஸையும் அவரோடு வந்திருந்த மலோகா மக்களையும் சந்தித்து, நான் வந்து பாடம் சொல்லித் தருகிறேன் என்று கிளம்பிப் போனார். ஆரம்பத்தில் சம்பளம்கூடக் கிடையாது. 1885 இல் கூப்பரின் தங்கை ஏடாவைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த மண்ணிலேயே தங்கிவிட்டார். பகலில் பிள்ளைகளுக்கு, ராத்திரியில் பெரியவர்களுக்கு என்று 1922 வரை சொல்லிக்கொடுத்தார். கூப்பர் எழுதப் படிக்கத் தேறியது இவரிடம்தான். டக் நிக்கல்ஸ், மார்கரெட் டக்கர் என்று பிறகு நாடறிந்த பலர் இவருடைய மாணவர்கள். பூர்வகுடிப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் எதற்கு என்று அரசாங்கம் நினைத்திருந்த காலத்தில் மனு எழுதவும் மேடையில் பேசவும் தெரிந்த ஒரு தலைமுறையே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறது. இந்த வாத்தியாருக்கு எந்தச் சுவரிலாவது இதே அளவில் ஒரு முகம் இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை, இந்திய வம்சாவளி என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் இல்லாமல் மீதிக் கதை நடந்திருக்காது.

1888 வாக்கில் மக்கள் மலோகாவை விட்டுப் பக்கத்திலேயே கம்மரகுஞ்சாவுக்கு மாறினார்கள். அங்கே சில குடும்பங்களுக்கு 27 ஏக்கர் வீதம் நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் காடு வெட்டி, வேலி போட்டு, கோதுமை விளைவித்தார்கள். நன்றாக விளையவும் தொடங்கியது. 1907 இல் அரசு வாரியம் நிலத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. அதற்கப்புறம் பிள்ளைகள். டக் நிக்கல்ஸுக்கு எட்டு வயதிருக்கும்போது 16 வயது அக்கா ஹில்டாவைப் போலீஸ்காரர்கள் வந்து வலுக்கட்டாயமாக இழுத்துப்போனதை நேரில் பார்த்தவர். கூட்டாமுண்ட்ரா என்ற ஊரில் பூர்வகுடிப் பெண்பிள்ளைகளை வீட்டு வேலைக்குப் பழக்குகிற விடுதி இருந்தது, அங்கேதான் கொண்டுபோனார்கள். மார்கரெட் டக்கரையும் 1917 இல் மூனாகுல்லா என்ற இன்னொரு பூர்வகுடிக் குடியிருப்பின் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். ஷெப்பர்ட்டனில் இன்னொரு சுவரில் அட்னேட் வரைந்த இரண்டு பெண்களில் ஒருவர் இந்த மார்கரெட் டக்கர், இன்னொருவர் நோரா சார்ல்ஸ்.

கூப்பர் விஷயத்துக்கு வருவோம். ஆடு மயிர் கத்தரிப்பது, பண்ணைக் கூலி என்று வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர், எழுபதைத் தாண்டிய பிறகுதான் முழுநேரப் போராளி ஆகிறார். அதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. மிஷன் நிலத்தில் குடியிருக்கும் பூர்வகுடிக்கு முதியோர் பென்ஷன் கிடையாது என்று விதி. அதனால் 1933 இல் மெல்பர்னின் தொழிலாளர் பேட்டையான ஃபுட்ஸ்க்ரேக்குக் குடிபெயர்ந்தார், அங்கே நடைபாலத்துக்கு இருப்பது இவர் பெயர்தான். அந்தப் பென்ஷன் காசில் தபால் தலை வாங்கி மந்திரிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் எழுதித் தள்ளினார். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் சங்கத்தைத் தொடங்கினார். இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஜார்ஜுக்கு ஒரு மனு தயாரித்தார், நாடாளுமன்றத்தில் எங்கள் சார்பில் பேச ஓர் உறுப்பினர் வேண்டும், எங்கள் இனம் அழிந்துபோகாமல் காப்பாற்றுங்கள் என்று. மிஷன் மேலாளர்கள் பல இடத்தில் மறித்தும் 1,814 கையெழுத்து சேர்ந்தது. 1937 இல் ஆஸ்திரேலிய அரசிடம் ஒப்படைத்தார். மறு வருஷம் மந்திரி சபை, இதை அரசருக்கு அனுப்புவதில் பிரயோசனம் இல்லை என்று கோப்பை மூடிவிட்டது.

1938 ஜனவரி 26, வெள்ளைக் குடியேற்றத்தின் 150 ஆவது ஆண்டு விழா. அன்றைக்கே சிட்னியில் ஜேக் பேட்டன், வில்லியம் ஃபெர்கசன் ஆகியோரோடு சேர்ந்து கூப்பர் தரப்பு துக்க நாள் கூட்டம் நடத்தியது. இன்றுவரை ஒவ்வொரு ஜனவரி 26 அன்றும் நடக்கும் எதிர்ப்புக்கு அதுதான் மூத்தது. அதே வருஷம் நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் நாஜிகள் உடைத்துக் கொளுத்திய செய்தி வந்தது. டிசம்பர் 6 அன்று, கிட்டத்தட்ட 78 வயதுக் கிழவர், ஃபுட்ஸ்க்ரேயிலிருந்து தன் ஆட்களோடு மெல்பர்னில் இருந்த ஜெர்மன் தூதரகத்துக்குக் கண்டனத் தீர்மானத்தைக் கொடுக்கப் போனார். தூதர் வாங்க மறுத்துவிட்டார். சொந்த நாட்டில் மனிதக் கணக்கிலேயே சேர்க்கப்படாத ஒருவர், மகன் டேனியலை 1917 இல் பெல்ஜியப் போர்க்களத்தில் இதே அரசாங்கத்துக்காகப் பறிகொடுத்தவர், எங்கோ இருக்கும் யூதர்களுக்காக வீதிக்கு வந்தார். பிற்காலத்தில் இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் அவரைக் கௌரவித்தது இதற்காகத்தான்.

1939 பிப்ரவரியில் கம்மரகுஞ்சாவே எழுந்து நடந்தது. மேலாளரின் கொடுமை, ரேஷன் பற்றாக்குறை, நோய், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம், எல்லாம் சேர்ந்து இருநூறு பேர் அளவில் மூட்டை முடிச்சோடு மரே நதியைத் தாண்டி விக்டோரியா கரையில் பார்மாவில் கூடாரம் போட்டார்கள். பலர் திரும்பிப் போகவே இல்லை. அவர்கள் வந்து தங்கிய இடம்தான் ஷெப்பர்ட்டனுக்கும் முருப்னாவுக்கும் நடுவில் இருக்கும் ஆற்றுப் படுகை. வெள்ளம் வந்தால் எல்லாம் போகும், தகரமும் சாக்கும் வைத்துக் கட்டிய குடிசைகள். பழத் தோட்டத்திலும் பழ டப்பா தொழிற்சாலையிலும் சீசன் வேலை. 1954 இல் எலிசபெத் ராணி இந்தப் பக்கம் வந்தபோது இந்தக் குடிசைகள் கண்ணில் படாமல் இருக்கச் சாலையோரம் சாக்குத் துணியைத் திரையாகக் கட்டினார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நீங்கள் முருப்னா போகும் வழியில் அந்த மேட்டுச் சாலையில் கீழே மரங்களாகத் தெரிவது அதே படுகைதான். அதனால்தான் அந்த முகங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. மறைத்து வைத்த அதே மக்களின் முகத்தை ஊர் நடுவில் வரைவது என்பது ஷெப்பர்ட்டனுக்கு மட்டும் உரிய கணக்குத் தீர்ப்பு. அதே ஓவியத்தை மெல்பர்னில் எங்காவது வரைந்திருந்தால் அழகான படம் ஒன்று கூடியிருக்கும், அவ்வளவுதான்.

டக் நிக்கல்ஸ் 1906 இல் கம்மரகுஞ்சாவில் பிறந்தவர். உயரம் 157 சென்டிமீட்டர், ஓட்டம் காற்று மாதிரி. கால்பந்து ஆட மெல்பர்ன் வந்தபோது கார்ல்டன் கிளப்பில் அவருக்கு உடம்பு பிடித்துவிடக்கூட மாட்டோம் என்றார்கள், கறுப்புத் தோல் நாறுகிறது என்று. நார்த்கோட் கிளப்புக்குப் போய் 1929 இல் கோப்பை வென்ற அணியில் ஆடினார். பிறகு 1932 முதல் 1937 வரை ஃபிட்ஸ்ராய்க்கு 54 ஆட்டம், 1935 இல் விக்டோரியா மாகாண அணி. நடுவில் குத்துச்சண்டைக் கூடாரத்தோடு ஊர் ஊராகவும் சுற்றியிருக்கிறார். பிறகு பாதிரியானார், ஃபிட்ஸ்ராயின் கோர் தெருவில் தேவாலயம் நடத்தினார், 1957 இல் பூர்வகுடிகள் முன்னேற்றச் சங்கம் உருவானபோது அதன் களப்பணியாளராகி மாகாணம் முழுக்க அலைந்தார். 1967 இல் அரசியல் சட்டத்தைத் திருத்தும் வாக்கெடுப்புக்காக உழைத்தவர்களில் ஒருவர், அதில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு விழுந்தது. 1972 இல் சர் பட்டம், பூர்வகுடிகளில் அதைப் பெற்ற முதல் ஆள். 1976 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். பக்கவாதம் வந்ததால் சில மாதங்களிலேயே விலக வேண்டியதாயிற்று. இன்று ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் பூர்வகுடிச் சீருடையோடு ஆடும் சுற்றுக்கு அவர் பெயர்தான்.

இவ்வளவையும் டக் தனியாகச் செய்தார் என்று நினைத்தால் தப்பு, மெல்பர்ன் சிலையை எனக்குப் பிடிப்பதும் அதனால்தான். டக்கின் மனைவி கிளாடிஸும் 1906 இல் கம்மரகுஞ்சாவில் பிறந்தவர், தந்தை வழியில் இந்திய ரத்தம். டக்கின் சகோதரரைத்தான் முதலில் மணந்தார், அவர் விபத்தில் இறந்த பிறகு 1942 இல் டக் கிளாடிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பழைய துணிக் கடைகள் நடத்தி நிதி திரட்டியது, கிராமத்திலிருந்து வேலை தேடி நகரத்துக்கு வரும் இளம்பெண்களுக்காக நார்த்கோட்டில் விடுதி உண்டாக்கியது, வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களுக்கெல்லாம் சோறு போட்டது, எல்லாம் கிளாடிஸ். சர் பட்டம் வாங்கியவர் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறும், துணிக் கடைக் கணக்கு ஏறாது.

நாடாளுமன்றத் தோட்டத்துச் சிலை 2007 டிசம்பரில் திறக்கப்பட்டது. லூயிஸ் லாமன் செய்த வெண்கலச் சிலை, இருவரும் சேர்ந்தே நிற்கிறார்கள், ஆளைவிட ஒன்றரை மடங்கு. கணக்குப் போட்டால் வாழ்நாள் முழுக்கக் குட்டை என்று கேலி கேட்ட மனிதர் இப்போது இரண்டே கால் மீட்டருக்கு மேல். சிற்பியோடு சேர்ந்து இந்த நினைவிடத்தை வடிவமைத்தவர் நாரா மர்ரே, டக்கும் கிளாடிஸும் அவருக்குப் பூட்டனும் பூட்டியும். மெல்பர்னில் பூர்வகுடித் தலைவர்களுக்கு வைத்த முதல் சிலை என்று இதைச் சொல்வார்கள். ஸ்பிரிங் தெருவைச் சுற்றிக் கோட்டு போட்ட மாகாண முதல்வர்களும் ராணுவத் தளபதிகளும் தனித்தனியாகப் பீடத்தில் ஏறி நிற்கும் நகரத்தில், ஒரு புருஷன் பெண்டாட்டியை அக்கம்பக்கமாக நிறுத்தியது சின்ன முடிவு இல்லை. குடும்பத்து ஆளுக்குச் சொல் இருந்தால் என்ன மாறும் என்பதற்கு இதைத்தான் உதாரணமாகக் காட்டுவேன். வெளியாள் மட்டும் முடிவெடுத்திருந்தால் பந்தோடு ஓடும் ஃபுட்பால் வீரர் சிலை ஒன்று கிடைத்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இறந்தவர்களின் உருவத்தைக் காட்டுவதே பல பூர்வகுடிச் சமூகங்களில் கட்டுப்பாடுள்ள விஷயம். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வாசகம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி இருக்க ஒருவரின் முகத்தை நாலு மாடி உயரத்துக்கு வரைய வேண்டுமானால் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் நடக்கக் கூடாது, எந்தப் புகைப்படம், எந்தச் சுவர், பக்கத்தில் யார் என்பது வரை அவர்கள் பேச வேண்டும்.

இன்னொரு வகைக் கலையும் உண்டு. தார்ன்பரியில் செயின்ட் ஜார்ஜஸ் சாலை வழியாக 11 ஆம் எண் டிராமில் போனால் முன்னேற்றச் சங்கத்தின் கட்டடத்தை ஒட்டி நீளமான கூரி சுவரோவியம் வரும், கூரி என்பது இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர். 1980களின் முதல் பாதியில் மெகன் எவன்ஸ் என்ற ஓவியரும் லெஸ் கிரிக்ஸ் முதலான பூர்வகுடி ஓவியர்களும் சேர்ந்து பழைய புகைப்படங்களை வைத்து வரைந்தது. கிரிக்ஸ் சின்ன வயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர், சிறையில் ஓவியம் பழகியவர். இந்தச் சுவரில் அட்னேட்டின் மினுமினுப்பு இல்லை, சில இடம் முரடாகவே இருக்கும். ஆனால் ஒற்றை முகம் என்றில்லாமல் கூட்டமாக, வரலாறாக வரும். முதலில் இருந்த இடத்திலிருந்து பெயர்ந்து, வெயிலில் மங்கி, பிறகு அச்சடித்த பலகைகளாகப் புதுப்பிக்கப்பட்டது. இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் தார்ன்பரி சுவர்தான். இயக்கம் தன்னைத் தானே வரைந்துகொண்டது அது, நகராட்சி விருது கொடுப்பது போல வரைந்ததில்லை.

அதே கம்மரகுஞ்சாவிலிருந்து வந்த ஓனஸ் குடும்பத்தைப் பற்றியும் ஒரு வரி. பில் ஓனஸும் 1906 இல் பிறந்தவர், சங்கத்துக்காரர், பூமராங் எறிவதில் மன்னன், மெல்பர்னுக்குக் கிழக்கே பெல்கிரேவில் பூர்வகுடிக் கைவினைக் கடை நடத்தினார். அந்தக் கடையில் கைப்பழக்கம் பெற்ற மகன் லின் ஓனஸ்தான் பிறகு துணி காயப்போடும் கம்பிக்கொடியில் நூறு வௌவால்களைத் தொங்கவிட்ட சிற்பத்தால் புகழ்பெற்றவர். அரசியலும் கலையும் அந்த வீட்டில் ஒரே பட்டறை.

சரி, கண்துடைப்பா? இங்கேதான் 1881 மனு திரும்ப வருகிறது. யோர்டா யோர்டா மக்கள் தங்கள் நிலத்துக்கும் நீருக்கும் பூர்விக உரிமை கேட்டு 1994 இல் வழக்குப் போட்டார்கள். 1998 இல் நீதிபதி ஓல்னி, இவர்களின் பாரம்பரியம் வரலாற்றின் அலையில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று தள்ளுபடி செய்தார், அதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் ஒன்று அந்த 42 பேரின் மனு. விவசாயம் செய்ய நிலம் கேட்டு எழுதிய கடிதத்தை, பாருங்கள் அப்போதே பழைய வாழ்க்கையை விட்டுவிட்டார்கள் என்பதற்குச் சாட்சியாக்கினார். 2002 இல் நாட்டின் உச்ச மன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டை நிராகரித்தது. மனு எழுதியவர்களுக்குச் சிலை வைப்பதும் அவர்கள் பேரப்பிள்ளைகளின் வழக்கை அதே மனுவைக் காட்டித் தோற்கடிப்பதும் ஒரே நாட்டில்தான் நடந்தது.

இன்னொன்று. 2018 இல் இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகளின் பெயரை மாற்றினார்கள். மெல்பர்னின் வடக்கே பேட்மன் தொகுதி கூப்பர் ஆனது. ஜான் பேட்மன் 1835 இல் போர்வைக்கும் கோடாலிக்கும் மாற்றாக இந்த நிலத்தை எழுதி வாங்கியதாகச் சொன்னவர், அதற்கு முன் டாஸ்மேனியாவில் பூர்வகுடிகளை வேட்டையாடியவர். ஷெப்பர்ட்டன் அடங்கிய மரே தொகுதி, டக்கையும் கிளாடிஸையும் சேர்த்து நினைவுகூரும் விதமாக நிக்கல்ஸ் ஆனது. 2023 அக்டோபரில் பூர்வகுடிகளின் குரலை அரசியல் சட்டத்தில் ஏற்றலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. கூப்பர் 1937 இல் கேட்டதைவிடக் குறைவான கோரிக்கை அது. கூப்பர் தொகுதி ஆதரித்தது. நிக்கல்ஸ் தொகுதி பெரும்பான்மையாக வேண்டாம் என்றது. அந்தச் சுவரைக் கடந்துதான் நிறைய பேர் ஓட்டுப் போடப் போயிருப்பார்கள். ஆகவே சுவரில் முகம் வரைந்தால் மனம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனாலும் கண்துடைப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, காரணம் இந்தப் பெயர்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவர உழைத்தவர்கள் யார் என்று பார்த்தால் மறுபடி குடும்பம்தான். கூப்பரின் பேரன் ஆல்ஃப் டர்னர், எல்லாரும் அங்கிள் பாய்டி என்று கூப்பிடுவார்கள். தாத்தாவின் வீட்டில் சின்ன வயதில் இருந்தவர். 2012 டிசம்பர் 6 அன்று தாத்தா நடந்த அதே நடையை ஜெர்மன் தூதரகத்துக்கு நடந்து காட்டினார். 2014 இல் ஆளுநர் நாயகம் பீட்டர் காஸ்குரோவ் மூலம் அரசருக்கான மனு கடைசியில் ராணிக்குப் போய்ச் சேரும்படி செய்தார், 77 வருஷம் தாமதம். நாரா மர்ரே, சிலையை வடிவமைத்த அதே கொள்ளுப்பேத்தி, பிற்பாடு விக்டோரியாவின் முதற்குடிகள் பேரவைக்கு இணைத் தலைவரானார். 2025 இல் விக்டோரியா நாடாளுமன்றம் பூர்வகுடிகளோடான உடன்படிக்கைச் சட்டத்தை நிறைவேற்றியது, ஆஸ்திரேலியாவில் அப்படி ஒன்று அதுவே முதல் தடவை. பேரவை பேச்சுவார்த்தை நடத்திய அந்த நாடாளுமன்றமும் டக்கும் கிளாடிஸும் நிற்கும் தோட்டமும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன.

நீங்கள் ஷெப்பர்ட்டனிலேயே இருப்பதால் ஒரு யோசனை. வெல்ஸ்ஃபர்ட் தெருச் சுவரைப் பார்த்துவிட்டு நடந்தே குயின்ஸ் கார்டன்ஸ் போங்கள், அங்கே கூப்பருக்குச் சிலை இருக்கிறது. மார்கரெட் டக்கர் சுவரும் ஊருக்குள்தான், தேடிப் பாருங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை ரம்பலாரா கால்பந்து, நெட்பால் கிளப்பின் ஆட்டத்துக்குப் போங்கள், ஆற்றுப் படுகையில் குடிசை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் கிளப் அது, கேன்டீனில் டீயும் கிடைக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேட்டால் சுவரில் இருக்கும் முகம் தனக்கு என்ன முறை என்று சொல்லிவிடுவார். கம்மரகுஞ்சா ஒரு மணி நேரப் பயணம் இருக்கும், கூப்பரும் நிக்கல்ஸும் புதைக்கப்பட்டிருப்பது அங்கேதான், ஆனால் அது மக்கள் குடியிருக்கும் ஊர், சுற்றுலா இடம் இல்லை, யாராவது கூப்பிட்டால் மட்டும் போங்கள்.